விரல் போனவனிடம் 23,000 ரூபாய் பிடுங்கிய புரோக்கர். வேலூர் பக்கம் இருப்பவர்கள் படியுங்கள்

23,000 ரூபாய். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். இடது கையால் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேரணாம்பட்டு பக்கம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு இன்சோல் வெட்டிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறையில் வேலை. மொத்தமே ஏழு பேர், அதனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கிடையாது. தோலை அச்சு வைத்து அடித்து வெட்டும் கிளிக்கிங் மிஷினில் இரண்டு பட்டன் உண்டு; இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அடிக்கும். வேகம் பத்தவில்லை என்று ஒரு பட்டனை அழுத்தினபடியே வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 17. வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போச்சு. ஆஸ்பத்திரி செலவில் பாதியைக் கொடுத்த முதலாளி, அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, என் உறவுக்காரர் ஒருவர் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் வக்கீல் இல்லை, நஷ்டஈடு வாங்கித் தரும் கன்சல்டன்டாம். என் கையை வாங்கித் தன் மேஜைமேல் வைத்து, கட்டை அவரே பிரித்துப் பார்த்தார். அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"அண்ணா, உங்க விரலுக்குச் சட்டத்துலயே ரேட்டு எழுதியிருக்கு" என்று ஒரு ஜெராக்ஸை நீட்டினார். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை. ஆள்காட்டி விரல், இரண்டு கணு, 11 சதவீதம். கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தட்டினார். சம்பளம் 15,000க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000தான் கணக்கு, அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்கு 184.17 என்று ஒரு எண். பெருக்கி, அதில் 11 சதவீதம் எடுத்தால் 1,82,328 ரூபாய். பாவி, அந்தக் கணக்கில் ஒரு பைசா பொய் இல்லை. அதில்தான் விழுந்தேன்.

முதலில் 8,000. டாக்டர் சர்டிபிகேட்டுக்கு 5,000. 'மேலே கொடுக்கணும்' என்று 10,000, அது என் மனைவியின் கம்மல். இருபது ரூபாய் பத்திரம் ஒன்றை, எதுவும் எழுதாமல், நீட்டினார். பேனா பிடிக்கத் தடுமாறினேன். "விடுங்கணா, கைநாட்டு போதும்" என்று இங்க் பேடைத் திறந்து வைத்தார். அதையும் உதவி என்றே நினைத்தேன்.

அப்புறம் பதினைந்து மாதம். "ஃபைல் டேபிள்ல இருக்குணா." "ஆபீசர் டிரெயினிங் போயிருக்காரு." "எலக்‌ஷன் முடியட்டும்." கடைசியில் ஒரு கேஸ் நம்பர் அனுப்பினார். போன வாரம் அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கே போனேன். அது யாரோ லாரி டிரைவருடைய கேஸ். என் பெயரில் மனுவே போடவில்லை.

நேராக முதலாளியிடம் போனேன். "இன்னாப்பா, பணம் வாங்கிட்டுத் திரும்ப வர்றே?" என்று அந்தப் பத்திரத்தைக் காட்டினார். 30,000 பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று டைப் அடித்து, கீழே என் கைநாட்டு. அந்த முப்பதாயிரத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வாங்கிய 23,000 தனி.

குடியாத்தத்தில் ஒரு சங்கத்துத் தோழர்தான் தெம்பு கொடுத்தார். நஷ்டஈட்டு கேஸை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்யாத ஒப்பந்தம், முழுத்தொகையையும் கொடுக்கும் பொறுப்பிலிருந்து முதலாளியைக் காப்பாற்றாதாம். தொழிலாளி உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் செல்லாதாம். ஆனால் மனு போட விபத்து நடந்து இரண்டு வருஷம்தான் கெடு. இது 2024 ஜூன். எனக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. அந்த ஆள் எதற்காக இழுத்தார் என்று இப்போது புரிகிறது.

எச்சரிக்கை என்று நிறைய எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வலிக்கிறது. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். மனுவின் நகலையும் நம்பரையும் வாங்கி, நீங்களே அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். இ.எஸ்.ஐ. இருக்கிறவர்களுக்கு வழி வேறு, அங்கேதான் கேட்க வேண்டும். இரண்டு வருஷக் கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நேற்று அவருக்கு எட்டு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் மட்டும் குடும்பத்தோடு திருப்பதியில், கையில் லட்டு.