டார்ச்சாவுக்கு அப்பால் எந்த சிம் பேசும்?

மணாலியிலிருந்து லே போகும் சாலையில், தண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று அங்கே வைத்திருக்கும் பலகை வண்டிக்காரர்களிடையே பெயர் பெற்றது. கோவையிலிருந்து எங்கள் காரிலேயே போன நானும் மைத்துனனும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். சிக்னலுக்கும் இப்படி ஒரு பலகை வைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கேலாங், ஜிஸ்பா வரை கைப்பேசியில் ஒழுங்காக நின்ற கோடுகள், டார்ச்சாவைத் தாண்டியதும் ஒன்றொன்றாக விழுந்தன. அதன் பிறகு லடாக் பக்கம் உப்ஷியை நெருங்கும் வரை, 250 கிலோமீட்டருக்கும் மேல், நம்பிச் சொல்லக்கூடிய தொடர்பு எதுவும் இல்லை. புதிய கோபுரங்கள் ஆங்காங்கே முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றை எண்ணிக் கிளம்புவது, கல்யாண வீட்டில் சாப்பாடு இருக்கும் என்று பசியோடு போவதைப் போல. கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

இந்தப் பயணத்துக்கு எந்த இணைப்பு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வேகத்தை மறந்துவிடுங்கள். வீட்டில் காத்திருப்பவருக்கு ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல் போய்ச் சேருமா என்பதை வைத்து எல்லாவற்றையும் அளந்து பாருங்கள்.

ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா என்பதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம், பாதுகாப்புக் காரணங்களால், ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. எந்த நிறுவனமாக இருந்தாலும் விதி ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டும் என் சிம்மை மாற்றாமல் போனேன். ‘லேயில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற அலட்சியம். இமாசல எல்லைக்குள் இருக்கும் வரை எந்தக் குறையும் தெரியாததுதான் இதில் உள்ள பொறி. எல்லை தாண்டி, மீண்டும் கோபுரம் கண்ணில் படும் இடத்தில், மைத்துனனின் போஸ்ட்பெய்டு கைப்பேசி இரண்டு நாள் செய்திகளைக் கொட்டி அதிர்ந்துகொண்டிருக்க, என்னுடையது ‘சேவை இல்லை’ என்று சொல்லிவிட்டு ஊமையாக இருந்தது. ப்ரீபெய்டு எண்ணையே போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளலாம். 2025 ஜூனில் வந்த மாற்றத்தின்படி, முதல் முறை மாற்றியவர்கள் 30 நாளில் பழையபடி திரும்பிவிடலாம். முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு மாத வாடகைக்கு அழுது என்ன ஆகப்போகிறது?

லேயில் உள்ளூர் ப்ரீபெய்டு சிம் வாங்குவது இன்னொரு வழி. விமானத்தில் போய் இறங்கி, பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்புபவர்களுக்கு அது போதும். சாலை வழியே போகிறவர்களுக்குப் பயனில்லை. ஆபத்தான பகுதியைத் தாண்டி லே வந்து சேர்ந்த பிறகு கிடைக்கும் குடை அது.

ஆக, போஸ்ட்பெய்டு என்று முடிவாகிவிட்டது. எந்த நிறுவனம்? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

லே நகரத்துக்குள் ஜியோ, ஏர்டெல் இரண்டில் எது வைத்திருந்தாலும் பெரிய குறை இருக்காது. வித்தியாசமெல்லாம் வெளியே போனால்தான். பாங்காங் ஏரிக்கரையில் உள்ள ஸ்பாங்மிக் கிராமத்துக்கு 2022 ஜூனில் 4ஜி கொண்டுவந்தது ஜியோ. 2025 ஜனவரியில் ராணுவத்தின் உதவியோடு சியாச்சின் வரை அதன் 5ஜி போய்விட்டது. ஏரி ஓரம் கூடாரத்தில் தங்கிக்கொண்டு வீட்டுக்குப் படம் அனுப்ப ஆசைப்படுபவர்களுக்கு ஜியோ நல்ல துணை. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: ஜியோவிடம் 2ஜி கிடையாது. அழைப்பு கூட 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். ஏர்டெல்லும் பி.எஸ்.என்.எல்லும் பழைய 2ஜி சேவையை இன்னும் விட்டுவிடவில்லை. மலை மறைக்கும் இடத்தில், இணையத்துக்குப் போதாத மெல்லிய சிக்னலில், ஒரு எஸ்.எம்.எஸ். மட்டும் நழுவிப் போய்விடும். வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறி சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில், மைத்துனனின் குறுஞ்செய்தி போனதை நான் பார்த்தேன். ஆகவே ‘நலம்’ என்பதை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், எஸ்.எம்.எஸ்ஸிலும் அனுப்புங்கள்.

பி.எஸ்.என்.எல். என்றதும் ஊரில் சிரிக்கிறார்கள். லடாக்கில் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது. தனியார் நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத காலத்தில், எல்லைக் கிராமங்களில் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்து, ஊருக்கே அந்த ஒன்றில் பேச வழி செய்தது அதுதான். 2025 செப்டம்பரில் அதன் 4ஜி நாடு முழுவதும் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. இன்னொரு விஷயமும் உண்டு. அரசு நிதியில் ஒதுக்குப்புறங்களில் நிறுவப்பட்ட 4ஜி கோபுரங்களை ஒருவருடையதை மற்றவர் வாடிக்கையாளர்களும் பயன்படுத்தலாம் என்று 2025 ஜனவரியில் ஒரு திட்டம் வந்தது. அதனால் உங்கள் நிறுவனத்துக்குக் கோபுரமே இல்லாத கிராமத்திலும் சில நேரம் கோடு எழும்பும். கைப்பேசி அமைப்புகளில் (செட்டிங்ஸ்) நிறுவனத் தேர்வைத் ‘தானியங்கி’ என்றே விட்டு வையுங்கள்.

என் தேர்வு: ஒருவரிடம் ஜியோ, இன்னொருவரிடம் ஏர்டெல் அல்லது பி.எஸ்.என்.எல்., இரண்டும் போஸ்ட்பெய்டு. தனியாகப் போகிறவர் ஒரே கைப்பேசியில் இரண்டு சிம்மையும் போட்டுக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருப்பது ஒரு கதவுக்கு இரண்டு சாவி வைத்திருப்பது மாதிரிதான்.

கைக்கு அடக்கமான வைஃபை ரவுட்டர் வாங்கிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்குள் இருப்பதும் ஒரு சிம்தான். அது தேடுவதும் அதே கோபுரத்தைத்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நான்கைந்து பேர் ஒரே வண்டியில் போகும்போது கைப்பேசியின் மின்கலம் மிச்சமாகும் என்பதைத் தவிர இதில் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் என்று இணையத்தில் விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே இந்தியாவில் சட்டவிரோதம்.

விடுதி வைஃபை, லே நகரில் பரவாயில்லை. ஏரிக்கரைக் கூடாரங்களில் ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்துக்கு மட்டும் உயிரோடு இருக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதா, மகளோடு வீடியோவில் பேசுவதா என்று அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சார்ஜுக்கே என் ஓட்டு. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும். கோபுரம் இல்லாத இடத்தில் கைப்பேசி ஓயாமல் தேடித் தேடி இன்னும் சீக்கிரம் காலியாகும். டார்ச்சா தாண்டியதும் கைப்பேசியை ஃப்ளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இரவில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

வரைபடத்துக்கு இணையம் வேண்டியதில்லை என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஜி.பி.எஸ். நேரே செயற்கைக்கோளிடமிருந்து வருகிறது. முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். மணாலியிலேயே வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால், 5,328 மீட்டர் உயரத்தில் உள்ள தாங்லாங் லா கணவாயிலும் நீலப் புள்ளி உங்களோடு நகர்ந்து வரும். காகிதப் பணமும் அப்படித்தான். கோபுரம் இல்லாத கூடாரக் கடையில் யு.பி.ஐ.யை நம்பிப் பயனில்லை.

செயற்கைக்கோள் கருவிகளைப் பற்றி அமெரிக்க, ஆஸ்திரேலியப் பயணிகள் எழுதுவதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்யப் போனால் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நாடுகளில் ஆளில்லாச் சாலைக்குக் கிளம்புகிறவர்கள் கார்மின் இன்ரீச் என்ற சிறு கருவியைப் பையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். பொத்தானை அழுத்தினால் மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும். தராசில் வைத்துப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதுவே கனமானது. ஆனால் அது இரிடியம் செயற்கைக்கோள்களில் இயங்குகிறது. இந்தியாவில் துரயா, இரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் காட்டி, விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் பலரைப் பிடித்திருக்கிறார்கள். எல்லையோர லடாக்கில் அதைக் கையில் வைத்திருந்தால் விளக்கம் சொல்லி மாளாது. செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் உரிமம் பெற்றது என்ற செய்தியைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் வாங்கிய அதன் டிஷ் ஆன்டெனாவை வண்டிக்கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பும் ஆசையும் வேண்டாம்.

மிச்சமிருப்பது ஒன்று. இணையத்தில் யாரும் இதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை: எதிரே வரும் வண்டி.

டார்ச்சாவுக்கும் உப்ஷிக்கும் நடுவே இருக்கும் சார்ச்சுவில் நாங்கள் தங்குவதாகவே இல்லை. அன்று அதைத் தாண்டி பாங் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலையிலேயே லேயிலிருந்து பேசுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் முன்னால் காட்டா வளைவுகளில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. அங்கே 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் அடைத்தால் மொத்தமும் அடைத்ததுதான். கூடாரக் கடையில் உட்கார்ந்திருந்தோம். மைத்துனன் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அக்கா இந்நேரம் போலீசுக்கே போன் போட்டிருப்பாள்” என்றான். அப்போது லே பக்கமிருந்து, லாரியின் ஓரத்தில் நுழைந்து வந்த ஒரு கேரளப் பதிவெண் புல்லட் நின்றது. ஓட்டி வந்த இளைஞர் இரவுக்குள் ஜிஸ்பா இறங்கிவிடுவேன் என்றார். பெட்ரோல் ரசீதின் பின்பக்கத்தில் மனைவியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டு, எங்களோடு ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை உப்ஷியில் மைத்துனனின் கைப்பேசிதான் உயிர்த்தது. வந்து விழுந்த செய்திகளைப் படிப்பதற்குள் மனைவியின் அழைப்பே வந்துவிட்டது. அந்த இளைஞர் முந்தின இரவே எழுதி அனுப்பியிருந்தார்: இருவரும் சார்ச்சுவில் இருக்கிறார்கள், சாலை அடைத்திருக்கிறது, நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், ஒருவருக்கு மட்டும் தலைவலி.

எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை அவள்.

“தலைவலி யாருக்கு?” என்றாள்.