இரண்டு ‘மணி ஹெய்ஸ்ட்’: ஸ்பெயினா, கொரியாவா?

2017-இல் ஸ்பெயினின் ஆண்டெனா 3 சேனலில் ‘மணி ஹெய்ஸ்ட்’ என்ற கொள்ளைக் கதைத் தொடர் வந்தபோது முதலில் நல்ல கூட்டம், போகப்போகக் கலைந்தது. நெட்ஃப்ளிக்ஸ் வாங்கி, அத்தியாயங்களைச் சின்னதாக வெட்டி உலகுக்குக் காட்டிய பிறகுதான் கொண்டாட்டம். 2018-இல் சர்வதேச எம்மி விருதும் கிடைத்தது. போலீஸ் அதிகாரி ராக்கெல் பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டுக்கொண்டு போனில் பேரம் பேசுவார். மறுமுனையில் கொள்ளைக்குத் திட்டம் போட்ட புரொஃபசர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவார். எனக்கு இந்த இருவரே போதும்.

2022-இல் வந்த கொரிய மறுஆக்கத்துக்கு அந்த வரவேற்பு இல்லை. மூலக்கதையின் தடத்திலேயே போகிறது என்பதுதான் விமர்சகர்கள் பலரின் குறை. சரிதான், அடுத்த திருப்பம் முன்பே தெரிந்தால் அப்புறம் என்ன த்ரில்? கொள்ளையர்களுக்கு ஓவியர் டாலியின் முகமூடிக்குப் பதில் கொரியாவின் பாரம்பரிய ஹாஹ்வே முகமூடி. வட, தென் கொரியப் போலீசார் சேர்ந்து விசாரிப்பது மட்டும் புதுசு. கொள்ளையரில் ஒருவரான பெர்லினாக வரும் பார்க் ஹே-சூவுக்காக ஒருதரம் பார்க்கலாம்.