பித்தளைச் சம்புடமா, பாத்ரூம் அலமாரியா? காரைக்குடி வெயிலுக்கு எது தாங்கும்

எங்கள் வீட்டில் முகம் கழுவுவதில் இரண்டு கட்சி. ஆத்தா பித்தளைச் சம்புடத்தில் நலங்குமாவு வைத்திருக்கிறார்: பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போகரிசி என்று காயவைத்து மில்லில் அரைத்தது. என் மகளின் அலமாரியில் ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஏதோ ஒரு சீரம்.

“ஏத்தா, இத்தனை ட்யூப்பும் ஒரு முகத்துக்கா?”

“ஆயா, உங்க மாவுல மட்டும் ஏழு சாமான் இருக்கே!”

நடுவில் நான். இரண்டு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தவள். தோலுக்குத் தினமும் செய்யவேண்டியது மூன்றே வேலைதான்: அழுக்கை எடுக்கணும், ஈரத்தைத் தக்கவைக்கணும், வெயிலைத் தடுக்கணும். அந்த மூன்றிலும் தனித்தனியாகப் போட்டி வைத்தால்தான் யார் எதில் கெட்டி என்று தெரியும்.

முதலில் கழுவுவது. இதில் குளியல் சோப்பும் களத்தில் உண்டு, ஆனால் முகத்துக்கு அதை முதலிலேயே கழித்துவிடலாம். தோலின் இயல்பு லேசான புளிப்பு, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சோப்போ 9, 10 என்று காரம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, தோலில் ஒரு படிவையும் விட்டுவிடும். முகம் கழுவியதும் ‘சுர்’ரென்று இழுத்துப்பிடிக்கிறதே, அதைச் சுத்தம் என்று நினைத்து வளர்ந்தோம். எண்ணெய்ப்பசையைக் கூடுதலாகப் பறிகொடுத்த தோலின் இழுப்பு அது. உடம்புக்குச் சோப்புதான் என்றால் உறையில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்பு அளவு, பாருங்கள். 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம்.

மாவுக்கும் ஃபேஸ் வாஷுக்கும் இடையில் நான் பொழுதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். காலையில் மாவு போதும். பயறு மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போகும், காரம் கிடையாது. ஆனால் மெல்லிய துணியில் சலித்திருக்கணும், தேய்க்காமல் குழைத்துத் தடவிக் கழுவணும். மில்லிலிருந்து வந்த நறநறப்போடு பரபரவென்று தேய்த்தால் முகப்பருக்காரர்களுக்குப் புண்தான் மிஞ்சும். ஈரக்கை பட்ட மாவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அந்தந்த வாரத்துக்கு மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துவைத்துக்கொள்கிறோம். இரவில் ஃபேஸ் வாஷ்தான். பகலெல்லாம் பூசிய சன்ஸ்கிரீனை மாவு முழுசாக எடுப்பதில்லை. சல்பேட் இல்லாத, வாசனை இல்லாத சாதாரண ஃபேஸ் வாஷ் உப்புத் தண்ணீரிலும் திரியாது.

இந்தச் சம்புடத்தில் எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது: கார்போகரிசி. அதில் சோரலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்யும்போது சோரலெனைக் கொடுத்துவிட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டுவார்கள். தோலை வெளிச்சத்துக்கு இளக்கிவிடுவதே அதன் குணம். அதைக் காலையில் பூசிக் குளித்துவிட்டுப் பங்குனி வெயிலில் நடப்பது சரியில்லை. வியப்பு என்னவென்றால், மகளின் சீரமும் அதே விதையின் பிள்ளைதான். கார்போகரிசியிலிருந்து பிரித்தெடுக்கும் பாகுச்சியோல். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 44 பேர் 12 வாரம் பூசிப் பார்த்தார்கள். சுருக்கத்தையும் நிறத்திட்டையும் குறைப்பதில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சுக்கு இணையாக நின்றது, எரிச்சலும் தோல் உரிதலும் குறைவு. ஆத்தா கையில் எடுத்த விதை சரியானதுதான். வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க மில்லுக்குத் தெரியாது, அவ்வளவே.

ஈரத்தில் இருவருக்கும் சரிசமம். தேங்காய் எண்ணெய் இருக்கும் ஈரத்தை மூடிக் காக்கும், தானாக ஈரத்தை இழுத்துவராது. கிளிசரின் கலந்த மாய்ஸ்சரைசர் இரண்டையும் செய்யும். கை, கால், குதிகாலுக்குக் குளித்துத் துவட்டிய ஈரத்தோடு எண்ணெய் தடவினால் போதும், காசும் மிச்சம். ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை செய்யும் அக்காமார் கையைப் பார்த்திருக்கிறேன். சிமெண்டின் காரம் விரலைப் பிளந்துவிடும். அவர்களுக்கு வேலைக்குக் கையுறையும், இரவில் கெட்டியாக வாஸ்லினும் வேண்டும். முகத்தில் எண்ணெய் வழிகிறவர்களும் பருக்காரர்களும் தேங்காய் எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், துளையை அடைக்கும்.

வெயிலில்தான் சம்புடம் தோற்றுப்போகிறது. சந்தனமோ மாவோ எண்ணெயோ, நம்பி வெளியே போகும் அளவுக்கு எதுவும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை. எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 எழுதிய சன்ஸ்கிரீன், தோலைச் சுடும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்தான். அதைவிடப் பூசும் அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்கு. அப்படித் தினம் ஒரு முறை பூசினால் 50 கிராம் ட்யூப் 40 நாள் தாண்டாது. ஆறு மாதம் வருகிறது என்றால் பூசவே இல்லை என்று பொருள். வெளியில் நின்று வேலை என்றால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி. ஆத்தா பக்கம் இதில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: குடை. நெருக்கமாக நெய்த கண்டாங்கிச் சேலைத் தலைப்பும் முக்காடாக நன்றாகவே மறைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கத்திரி வெயிலுக்கு ஈடு. வீட்டுக்குள் என்றால், முற்றத்தையோ ஜன்னலையோ ஒட்டி உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் பூசுவது நல்லது. ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.-யை நிறுத்தும், இன்னொரு வகையான யு.வி.ஏ.-வை விட்டுவிடும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டாவது பிள்ளை பிறந்தபின் என் கன்னத்தில் மங்கு என்ற கருந்திட்டு விழுந்தது. ஒரு மருந்துக்கடையில் கேட்டதும் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்றது. விட்டதும் சிவந்து எரிந்தது, மெல்லிய ரத்தக்குழாய் தெரிந்தது. உள்ளே பீட்டாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. 2018-லேயே இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. எனக்கு அது அப்போது தெரியாது. அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் சீட்டில்லாமல் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் பகை. அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர் எழுதித் தந்தார். இப்போது நிழல் மாதிரி மங்கிக்கிடக்கிறது, அவ்வளவு குறைந்ததே பெரிது.

சீரம், டோனர் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எது புதிதானாலும் காதுக்குப் பின்னால் நாலைந்து நாள் தடவிப் பாருங்கள், ஒரே வாரத்தில் இரண்டு புதுசு வேண்டாம்.

இந்தப் பங்குனிக்கு மாவு அரைக்கக் காயவைத்தபோது கார்போகரிசியை ஆத்தாவே தனியாக ஒதுக்கிவைத்தார். சன்ஸ்கிரீனுக்கு மட்டும் இன்னும் மசியவில்லை. கோயிலுக்குக் கிளம்பும்போது மகள் ட்யூப்பை நீட்டுகிறாள், அவர் குடையை எடுக்கிறார்.