கதவு அடியில போடற பிரஷ் பட்டி: பாலக்கோடு பக்கம் தோட்டத்து வீட்டுல போட்டுப் பாத்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு ஏன் கொறச்சேன்னு போகப்போக வரும்.

பொருள் என்னன்னா, கதவோட கீழ் விளிம்புல ஸ்க்ரூ போட்டு மாட்டற அலுமினியப் பட்டி, அதுல கருப்பு நைலான் முடி வரிசையா தொங்கும், கதவு சாத்துனா அந்த முடி தரையைத் தொட்டுக்கிட்டு நிக்கும், அவ்ளோதான் மேட்டர். தர்மபுரில ஒரு ஹார்டுவேர் கடையில வாங்குனது, மூணு அடி நீளம் ஒண்ணு 280 ரூபா சொன்னாங்க, எல்லா கதவுக்கும் சேத்து எடுத்ததால 260க்கு குடுத்தாங்க. பிராண்டு பேரெல்லாம் எதுவும் இல்ல, பாலிதீன் கவர்ல சுத்தி கடை மூலையில பைப்போட பைப்பா சாத்தி வச்சிருந்தாங்க. பெங்களூர்ல ஏசி ரூமுக்கு தூசி வராம இருக்க வாங்குவாங்களாம். நாங்க வாங்குனது பாம்புக்கு.

எங்க வீடு ஊருக்கு வெளிய தோட்டத்துல தனியா இருக்கு. ஒரு பக்கம் மல்பெரி, பின்னாடி பக்கத்து தோட்டத்துக்காரங்க கரும்பு, வேலி ஓரத்துல கெணறு வெட்டுனப்ப எடுத்த கல்லு குமிச்சு கெடக்கு, அதை எடுத்துப் போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க யாரும் எடுக்கல. கரும்பு வெட்டு ஆரம்பிச்சா எலியெல்லாம் வீட்டைப் பாத்து ஓடி வரும், எலிக்குப் பின்னாடி சாரை வரும், சில நேரம் சாரை இல்லாம வேற ஏதாவது வரும். மழைக்கு அப்புறம் இன்னொரு வரிசை, வாசல் லைட்டுக்கு ஈசல் வரும், ஈசலுக்கு பல்லியும் தவளையும் வரும், அதுங்களைத் தேடி பாம்பு வரும். அதனால "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வருது"ன்னு யாராவது கேட்டா முதல்ல வாசல் லைட்டைப் பாருங்க, அப்புறம் ராகி மூட்டை எங்க அடுக்கி வச்சிருக்கீங்கன்னு பாருங்க.

இந்தப் பட்டி வாங்கறதுக்கு முன்னாடி எங்க கொழுந்தனார் பெங்களூர்ல இருந்து ஒரு மெஷின் அனுப்பியிருந்தார், பிளக்ல சொருகுனா நீலக்கலர்ல லைட் எரியும், அல்ட்ராசோனிக் சத்தம் போட்டு பாம்பு பல்லி எலி சிலந்தி எல்லாத்தையும் ஓட்டிடும்னு அட்டையில படம் போட்டு இருந்துச்சு. என்ன ஆச்சுன்னா அந்த நீல லைட்டுக்கு கொசுவும் சின்ன சின்ன பூச்சியும் வந்துச்சு, பூச்சிய புடிக்க ஒரு பல்லி வந்து மெஷினு மேலயே குடி வந்துருச்சு. நல்லா கொழுத்துப் போச்சு அது. பாம்பு விஷயத்துல அது வேலை செய்யவே செய்யாது, ஏன்னா பாம்புக்கு வெளிக்காதே கிடையாது, தாடை எலும்பு வழியா தரை அதிர்றதை உணரும், கனமான சத்தம் கொஞ்சம் கேக்கும், அது சில நூறு ஹெர்ட்ஸோட முடிஞ்சுது. மெஷின் போடற சத்தம் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல. அதுக்கு கேக்காத சத்தத்தை வச்சு அதை எப்படி ஓட்டறது? அவர் ஆசையா அனுப்புனது, அதனால இன்னும் சொருகித்தான் வச்சிருக்கோம், நைட் லேம்ப்பா உதவுது.

அடுத்தது பாம்பு விரட்டி பவுடரு, ஸ்பிரே, ரசகற்பூர உருண்டை, கந்தகம், பூண்டுத் தண்ணி. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ரசகற்பூரமும் கந்தகமும் பாம்பை ஓட்டாது, உருண்டைய தாண்டி போய்க்கிட்டே இருக்கும், வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா மிட்டாய்னு நெனச்சு வாயில போட்டுக்கற ஆபத்துதான் மிச்சம். எங்க வீட்டுல இந்தப் பேச்சே எடுக்க முடியாது, காரணம் பட்டுப்புழு. புழுக் கொட்டாய் வீட்டை ஒட்டித்தான் இருக்கு, புழுவுக்கு மருந்து வாசனை ஆகவே ஆகாது, கொசு மருந்து அடிச்ச கையோட இலை போட்டாக்கூட தலையைத் தூக்கிட்டு பச்சையா கக்கி சுருண்டுரும், நாலாவது தோல் உரிச்சு கூடு கட்டப் போற நேரத்துல அப்படி ஆச்சுன்னா அந்த பேட்ச் காசு அப்படியே போச்சு. பெஸ்ட் கன்ட்ரோல்காரங்க நம்பர் ஒண்ணு குடுத்தாங்கன்னு சொன்னதுக்கு மாமா, "மருந்து அடிக்கறவன் நம்ம வேலியத் தாண்டி உள்ள வரக்கூடாதும்மா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். ஆகமொத்தம் விரட்டற வழி அடைபட்டுப் போச்சு, உள்ள வராம அடைக்கற வழி ஒண்ணுதான் பாக்கி.

இப்ப மாட்டற விஷயம். ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு ஒருத்தரை வெளிய நிக்க வச்சு கதவடியில டார்ச் அடிக்கச் சொல்லுங்க, வெளிச்சம் எங்கெல்லாம் வருதோ அதெல்லாம் ஓட்டை. சுண்டு விரல் போற இடம் இருந்தா குட்டிப் பாம்புக்கு அது தாராளம். எங்க முன் கதவுல ஒரு மூலையில மட்டும் முக்கால் இஞ்ச் இருந்துச்சு, கட்டுன நாள்ல இருந்து யாரும் குனிஞ்சு பாத்ததில்ல. பட்டியை கதவு அகலத்துக்கு ஆக்சா பிளேடால அறுக்கணும், அறுக்கும்போது முடிப் பக்கத்தை துணியில சுத்திக்கோங்க, இல்லனா ஓரத்து முடி கத்தையா உருவிக்கிட்டு வந்துரும். முடி தரையில லேசா மடங்கணும், ரொம்ப அழுத்தினா கதவு கனமா இழுக்கும், தூக்கி வச்சா பிரயோஜனமே இல்ல. எங்க பழைய கதவு வேப்ப மரம், முன்னாடியே டிரில் போட்டு துளை எடுத்தாத்தான் ஸ்க்ரூ எறங்குச்சு. கார்பென்டர் வேணும்னு இல்ல, எங்க வீட்டுக்காரரே மாட்டிட்டார், நான் டார்ச் புடிச்சேன்.

ஸ்பான்ஞ்சு உருளை ரெண்டு வச்சு துணி உறை போட்டு கதவடியில சொருகற டைப் ஒண்ணு இருக்கு, 150க்கே கிடைக்கும், அதையும் எங்க நாத்தனார் வீட்டுல காவேரிப்பட்டணத்துல பாத்தேன். டைல்ஸ் தரைன்னா ஓகே. எங்கள மாதிரி சிமென்ட் தரைக்கு அது தேஞ்சு நூல் நூலா வந்துரும், எலி வேற கடிச்சு பஞ்சை எடுத்துட்டுப் போகும். பசை தடவுன சிலிகான் பட்டி, தரை கழுவுற வீட்டுக்கு ஆகாது, தண்ணி பட்டு பட்டு ஒரு முனை தொங்கிரும். பிரஷ் பட்டி இது ரெண்டையும் விட எவ்வளவோ மேல், மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி முடி அதுவா வளைஞ்சு குடுக்குது.

பலன் இருக்கான்னா, இருக்கு. அரணை வர்றது சுத்தமா நின்னுருச்சு, முன்னெல்லாம் மத்தியானம் வழவழன்னு ஒண்ணு நேரா உள்ள வந்து கட்டிலுக்கு அடியில போயிரும். அரணை கடிச்சா மரணம்னு எங்க ஆயா இன்னைக்கும் கால மேல தூக்கிக்குவாங்க, அரணைக்கு விஷமே கிடையாது, ஆனா ஆயாகிட்ட அதைச் சொல்லி ஜெயிக்க முடியாது. தேரை, பூரான், சுண்டெலி வர்றதும் நல்லாவே கொறஞ்சிருக்கு. சுண்டெலி கொறஞ்சதுதான் எனக்கு பெரிய நிம்மதி.

பல்லிக்கு இது தீர்வு இல்ல. அது சன்னல் வழியா வரும், ஏசி பைப் துளை வழியா வரும், சுவத்துல எங்க வேணா ஏறும். வீட்டுக்குள்ள பல்லி இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுரலாம்தான், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, வெள்ளிக்கோல் வரையன்னு ஒரு பாம்பு, விஷமில்லாதது, அதுக்கு முக்கிய சாப்பாடே பல்லியும் அரணையும்தான், சுவர்லயே ஏறும். பாக்க கட்டுவிரியன் மாதிரியே இருக்கறதால பாவம் நெறைய அடி வாங்குது. கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கோடு மெல்லிசா, பெரும்பாலும் ஜோடி ஜோடியா, வால் பக்கம் தெளிவா இருக்கும், இதுக்கு கழுத்துப் பக்கமே பட்டையா ஆரம்பிச்சு வாலுக்குப் போகப்போக மங்கிரும். இதைப் படிச்சிட்டு பக்கத்துல போய் கோடு எண்ணிப் பாக்காதீங்க, தூரத்துல நின்னு ஆளைக் கூப்பிடுங்க. புழுக் கொட்டாயில பல்லி விஷயம் வேற, அங்க புழுவையே தின்னுரும், அதனால ஊசி ஈக்கு (பட்டுப்புழு மேல முட்டை போட்டு புழுவைக் கெடுக்கற ஈ) அடிச்ச நைலான் வலையை சன்னல்ல இடைவெளி விடாம ஆணி போட்டு இழுத்துக் கட்டியிருக்கோம், கொட்டாய் கதவுக்கும் இதே பட்டிதான் போட்டோம்.

சிலந்திக்கும் இந்தப் பட்டி ஒண்ணும் பண்ணாது, பண்ணவும் வேண்டாம். பாத்ரூம் சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி இருக்கும் பாருங்க, வலை கட்டாது, கரப்பான்பூச்சியைத் தொரத்திப் புடிச்சுத் தின்னும். எங்க வீட்டுது பொட்டை, வயித்துக்கு அடியில வெள்ளையா தட்டையா ஒரு முட்டைப் பையை அணைச்சுக்கிட்டு அசையாம நின்னுச்சு, அத்தை தொடப்பத்தை எடுத்தாங்க, நான்தான் வேணாம்னேன். எட்டுக்கால் பூச்சி ஊர்ந்து தோல்ல கொப்புளம் வந்துருச்சுன்னு சொல்றாங்கல்ல, பெரும்பாலும் அது வேற ஒரு சின்ன வண்டோட வேலை, ஆரஞ்சும் கருப்புமா எறும்பு சைசுல இருக்கும், மழைக்காலத்துல லைட்டுக்கு வரும், நசுக்குனா அதோட தண்ணி பட்டு தோல் கோடு கோடா வெந்துரும். நசுக்காம ஊதி விட்டுட்டு சோப்புப் போட்டு கழுவிருங்க.

இவ்வளவு பாடு எதுக்குன்னு கேட்டா கட்டுவிரியனுக்குத்தான். வெயில் காலத்துல நாங்க எல்லாம் தரையில பாய் போட்டுத்தான் படுப்போம், அது வர்றதும் ராத்திரி, கடிச்சா பல நேரம் வலியே தெரியாது, பல் பதிஞ்ச தடமும் தெரியாது, விடியக்காலைல வயித்து வலின்னு எந்திரிப்பாங்க, கண்ணிமை தூக்க முடியாது, வாயுத் தொல்லைன்னு சோடா குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த மாதிரி இருந்தா உடனே 108. கயிறு கட்டறது, கீறி விடறது, மந்திரிக்கறது எதுவும் வேண்டாம், பாம்பைப் புடிச்சு எடுத்துட்டுப் போகவும் வேண்டாம். நம்மூர்ல குடுக்கற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்து ஒரே மருந்துதான், அதுக்கான விஷம் பெரும்பாலும் மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலி இருளர் சங்கத்துல எடுக்கறாங்க, அந்தச் சங்கம் 1978ல ஆரம்பிச்சது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காசில்லாம போடுவாங்க. 2024 நவம்பர்ல இருந்து பாம்புக்கடிய ஆஸ்பத்திரிங்க கவர்மென்ட்டுக்கு கட்டாயம் ரிப்போர்ட் பண்ணணும்னும் கொண்டு வந்துட்டாங்க. பாய்க்கு மேல கொசுவலை கட்டி ஓரத்தை பாய்க்கு அடியில சொருகிப் படுத்தா அதுவே பாதி காவல், பட்டி வாங்க காசு இல்லாதவங்க அதையாவது பண்ணுங்க.

உள்ள ஏற்கனவே பாம்பு வந்துருச்சுன்னா தீயணைப்புக்கு 101 அடிங்க. வெறகு அடுக்குல கண்ணாடி விரியன் சுருண்டு கெடந்தப்ப நாங்க கூப்பிட்டு வந்தாங்க, நீளக் கம்பியில எடுத்து டப்பால போட்டுட்டுப் போனாங்க, ஒரு ரூபா வாங்கல, டீ குடிங்கன்னு சொன்னதுக்குக்கூட இன்னொரு கால் இருக்குன்னு கெளம்பிட்டாங்க. அடிச்சுக் கொல்றது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம், அதை விட முக்கியம் அடிக்கப் போறவங்கதான் நெறைய கடி வாங்குறது.

இப்ப அந்த ஒரு ஸ்டார். முடில தலைமுடி, ராகி உமி, நூலு எல்லாம் சிக்கி வாரம் ஒருக்கா சீப்பால வார வேண்டி இருக்கு, வாரலைனா முடி பிரிஞ்சு நடுவுல வகிடு எடுத்துருது. ரெண்டு ஓரத்துலயும் நெலவு (கதவுச் சட்டம்) பக்கம் அரை இஞ்ச் விட்டுப் போகுது, அதுக்கு ரப்பர் துண்டு வெட்டி நாங்களா ஒட்டுனோம், கம்பெனிக்காரன் அதைச் சேத்தே குடுத்திருக்கலாம். பின்னாடி சமையக்கட்டு இன்னும் நாட்டு ஓடுதான், அங்க கதவுல என்ன போட்டாலும் ஓட்டு சந்துல இருந்து எறங்கறது எறங்கத்தான் செய்யும். சலதாரை ஓட்டைக்கும் பாத்ரூம் பைப்புக்கும் தனியா ஸ்டீல் ஜாலி வாங்கிப் போடணும், இது இல்லாம பட்டி மட்டும் போட்டா பாதி வேலைதான்.

இன்னொண்ணு, அது பொருளோட குத்தம் இல்ல, எங்க வீட்டு குத்தம். காலைல தெறந்த கதவை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சாத்த மாட்டாங்க. பட்டி கதவுல இருக்கு, கதவு சுவத்துல சாஞ்சு நிக்குது, மாமா திண்ணையில உக்காந்து "அதான் முந்நூறு ரூபாய்க்கு போட்டாச்சே"ங்கிறார். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் போய் சாத்திட்டு வர்றேன்.

வாங்கறவங்க கதவு அகலத்தை அளந்துட்டுப் போங்க, பழைய வீட்டுக் கதவு மூணேகால் அடி வரும், மூணு அடிப் பட்டி பத்தாது, நாலு அடியில கேட்டு அறுத்துக்கணும். முடி ஒரு இஞ்சுக்குக் கொறையாம இருக்கறதா பாத்து எடுங்க, அரை இஞ்ச் முடி வச்ச மாடல் சிமென்ட் தரைக்கு ஒண்ணுக்கும் ஆகாது. ஸ்க்ரூ கூட வராது, துரு புடிக்காததா அங்கயே தனியா கேட்டு வாங்கிக்கோங்க.