டாட்நெட்டோடு வரும் டிஐ கன்டெய்னர்: என் அனுபவம்

மைக்ரோசாஃப்டின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி.நெட் கோர் 2016-ல் வெளிவந்தபோதே டிஐ (டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்) கன்டெய்னர், அதாவது ஒரு கிளாஸுக்குத் தேவையான ஆப்ஜெக்ட்களை உருவாக்கி வெளியிலிருந்து கொடுக்கும் பகுதி, உள்ளேயே இருந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பில் அனுப்பும் என் கிளாஸ் முன்பு மெயில் ஆப்ஜெக்டைத் தானே 'நியூ' போட்டு உருவாக்கும். இப்போது கன்ஸ்ட்ரக்டரில் இன்டர்ஃபேஸைக் கேட்கிறது, அவ்வளவுதான். டெஸ்டில் போலி ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன், நிஜ மெயில் போவதில்லை.

கன்டெய்னர் உருவாக்கும் ஆப்ஜெக்ட் எவ்வளவு நேரம் இருக்கும் என்ற ஆயுட்கால விஷயத்தில்தான் கவனம் வேண்டும். சிங்கிள்டனாக (ஆப் முழுக்க ஒரே ஆப்ஜெக்ட்) பதிந்த கேஷ் சர்வீஸுக்குள் ஸ்கோப்டு (ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிது) டிபிகான்டெக்ஸ்டை, அதாவது டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்டை, கொடுத்திருந்தேன். டெவலப்மென்ட் சூழலில் இந்த மாதிரித் தவறைப் பிடிக்கும் ஸ்கோப் சரிபார்ப்பு தானாகவே இயங்குவதால், ஆப் கிளம்பும்போதே பிழை காட்டி நின்றது. எவ்வளவு பெரிய உதவி! ப்ரொடக்‌ஷனில் அது இயல்பாக இயங்காது. நான் அங்கேயும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆட்டோஃபேக் என்ற வேறொரு டிஐ கன்டெய்னரில் உள்ள, கன்ஸ்ட்ரக்டருக்குப் பதில் ப்ராப்பர்ட்டி வழியே ஆப்ஜெக்டைக் கொடுக்கும் ப்ராப்பர்ட்டி இன்ஜெக்‌ஷன் இதில் கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. எல்லாம் கன்ஸ்ட்ரக்டர் வழியே வருவதால், ஒரு கிளாஸ் அதிக வேலையைச் சுமப்பது உடனே தெரிந்துவிடுகிறது: எட்டு பாராமீட்டர் சேர்ந்துவிட்ட கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்துத்தான் ஒரு கிளாஸை இரண்டாகப் பிரித்தேன்.