மழைமானி செய்யப் போனவன் படித்த அமெரிக்க இராணுவக் குறிப்புகள்: எஸ்.பி.ஐ.ஆர். தளம் பற்றி ஒரு மதிப்பீடு

ஹட்டனில் இலத்திரனியல் பொருட்கள் திருத்தும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தொலைக்காட்சிப் பெட்டியும் தேயிலைத் தொழிற்சாலைத் தராசும் சோறு போட, கடந்த இரண்டு ஆண்டுகளாக மேசையின் ஒரு மூலையில் மழைமானி ஒன்று மெல்ல உருவாகி வருகிறது. அந்த வேலைக்கு யோசனை தேடிப் போன இடங்களுள் ஒன்றுதான் எஸ்.பி.ஐ.ஆர். என்ற அமெரிக்க அரசின் சிறு தொழில் ஆய்வு நிதித் திட்டத்தின் இணையத்தளம். பணம் கட்டாமல், கணக்குத் திறக்காமல் எவரும் அதில் தேடலாம். நம்மைப் போன்ற ஒரு வெளிநாட்டுப் பட்டறைக்காரருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

திட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் மன்றம் சிறிய அளவில் தொடங்கிய முயற்சியை 1982-இல் சட்டமாக்கினார்கள். வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டொலருக்கு மேல் ஆய்வுப் பணம் வழங்கும் ஒவ்வொரு அரச நிறுவனமும் அதில் 3.2 வீதத்தைச் சிறு தொழில்களுக்கென ஒதுக்கியே ஆக வேண்டும். இவ்வாறு 11 நிறுவனங்கள் பங்கெடுக்கின்றன. முதற் கட்டத்தில் ஒரு யோசனை நடக்குமா என்று பார்ப்பதற்குப் பணம் கிடைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் மாதிரியைச் செய்து காட்ட வேண்டும். மூன்றாம் கட்டமான விற்பனைக்கு இத்திட்டத்திலிருந்து பணம் கிடையாது. பணம் கொடுத்ததற்காக அரசு அந்த நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை என்பதை இருமுறை படித்த பிறகே நம்பினேன்.

தளத்தின் முதுகெலும்பு, 1983 முதலான விருதுகளின், அதாவது வழங்கிய ஆய்வு நிதிகளின், பட்டியல். எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தக் கட்டம் ஆகியவற்றோடு வேலையைப் பற்றிய ஒரு சுருக்கமும் ஒவ்வொரு பதிவிலும் உண்டு. அந்தச் சுருக்கங்களில் பல, தங்கள் கருவி உலகத்தையே மாற்றிவிடும் என்று தொடங்குபவை. அவற்றைப் படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் வேலை முடிந்த பிறகு என்ன கண்டார்கள், எது உடைந்தது என்பதைப் பெரும்பாலும் அங்கே காண முடியாது. ஆய்வில் பிறந்த தொழில்நுட்பத் தரவுகளை அரசு 20 ஆண்டுகள் வெளியிடாமல் காக்க வேண்டும் என்பது 2019 முதல் நடப்பிலுள்ள விதி. சிறு தொழிலின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான விதிதான். தேடிப் போகிறவருக்கு மட்டும், கண்ணாடி அலுமாரியில் பலகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அனுபவமாகிவிடுகிறது.

என் தேவை எளிமையானது. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தல்கள் மழையின் அளவை ஒட்டியே அமைகின்றன: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற்றம். 2014 ஒக்டோபர் 29-க்குப் பிறகு, அன்று மண்சரிவில் புதைந்த கொஸ்லாந்தை மீரியபெத்தையின் பெயரைக் கேட்டு வளர்ந்த எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்த எண்களின் எடை தெரியும். நகரத்து மானி காட்டுவதும் தோட்டத்து மேல் டிவிஷனில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தலைமேல் பெய்வதும் ஒன்றல்ல என்பதால், லயத்துக்கு அருகிலேயே நிற்கும் ஒரு மானி வேண்டும் என்று நினைத்தேன். என்னுடையது சாய்கிண்ண வகை. ஏற்றப்பலகை போல மாறி மாறிச் சாயும் இரண்டு கிண்ணங்களில், ஒரு சாய்வு 0.2 மில்லிமீற்றர். வெளியேற்ற மழையில் அது மணித்தியாலத்துக்கு 375 முறை, அதாவது பத்து விநாடிக்கு ஒரு முறையேனும் சாய வேண்டும். சாயும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போவதால், மழை வலுக்க வலுக்க மானி குறைத்துச் சொல்லும். இதைச் சரிக்கட்டுவது கணக்கு வேலை. பனிமூட்டத்தில் சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் இல்லாமல் மின்கலம் இறங்கிப்போவதும், மலைமுகட்டுக்கு அப்பால் சமிக்ஞை எட்டாததும்தான் என்னை மடக்கிப் போட்டன.

மண்சரிவுக்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டித் தேடியபோது எனக்கு உதவும்படி அதிகம் கிடைக்கவில்லை. மழை, சுற்றாடல் என்று தேடியும் பெரிய மாற்றமில்லை. பிறகு, ஆளில்லாமல் தரையில் கிடந்து நடமாட்டத்தை உணரும் இராணுவக் கருவிகளின் பக்கம் தற்செயலாகப் போய்ச் சேர்ந்தேன். என் பிரச்சினைகள் இரண்டும் அங்கேதான் இருந்தன. மாதக்கணக்கில் ஒரே மின்கலத்தில் இயங்க வேண்டும். ஒன்றுமே நடக்காத நேரத்தில் தூங்கி, நடக்கும்போது மட்டும் விழிக்க வேண்டும். நேர்ப்பார்வை இல்லாத மலைகளில் செய்தியை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி அனுப்ப வேண்டும். எதிரி வீரனின் காலடிக்காக எழுதப்பட்டதை மழைத்துளிக்கு மாற்றிக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. கிண்ணம் சாயும்போது மட்டும் விழிக்கும்படி என் மின்சுற்றை மாற்றிய யோசனை அங்கிருந்து வந்ததே. ஆகவே தேடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குடிநீர் வடிப்பு வேண்டுமானால் படைமுகாம் நீர் என்றும் தேடுங்கள்.

பணம் இருக்கும் இடத்தில்தான் பதிவுகளும் இருக்கின்றன. இத்திட்டத்தின் மொத்தத் தொகையில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது. அங்கே இரண்டாம் கட்ட விருது பத்து இலட்சம் டொலரைத் தாண்டுவது சாதாரணம். சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமோ முதற் கட்டத்துக்கு ஆறு மாதத்தில் ஒரு இலட்சம் டொலரும், இரண்டாம் கட்டத்துக்கு நான்கு இலட்சமும் என்ற அளவில் நிற்கிறது. ஆனாலும் அந்த ஏழை முகவரகத்தில் ஒரு நற்குணம் உண்டு: முடிந்த வேலைகளின் இறுதி அறிக்கைச் சுருக்கங்களைத் தன் பக்கத்தில் தனியாக வெளியிட்டிருக்கிறது. எது சரிவரவில்லை என்பதை அங்கே ஓரளவு படிக்கலாம்.

என் பார்வையில் விருதுப் பட்டியலைவிட மதிப்புள்ளது, விண்ணப்பம் கோரும்போது வெளியிடப்படும் தலைப்புக் குறிப்புகள். குறிப்பாகப் பாதுகாப்புத் திணைக்களத்தின் குறிப்பு ஒவ்வொன்றும் தன் பிரச்சினை என்ன, இப்போதுள்ள கருவி ஏன் போதாது, முதற் கட்ட முடிவில் எதைக் காட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. விண்ணப்பம் திறப்பதற்கு முந்திய சில வாரங்களில், அந்தக் குறிப்பை எழுதியவரிடமே நேரடியாகச் சந்தேகம் கேட்கலாம். ஒருமுறை உள்ளூரில் ஒரு புத்தாக்க உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் என் தகப்பனாரின் தொழிலுக்குக் கட்டம் இருந்தது, மழைமானி எத்தனை மில்லிமீற்றர் துல்லியம் காட்ட வேண்டும் என்பதற்கு இல்லை.

நமக்குக் கதவு எங்கே மூடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பிக்கும் நிறுவனம் அமெரிக்காவில் இயங்குவதாகவும், ஊழியர் 500-க்கு மேற்படாததாகவும், பாதிக்கு மேல் அந்நாட்டுப் பிரஜைகளுக்கோ நிரந்தர வதிவாளருக்கோ உரியதாகவும் இருக்க வேண்டும். வாங்கலாம் என்று பார்த்தாலும் பாதுகாப்புத் தலைப்புகள் பலவற்றில் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றிய குறிப்பு உண்டு. பட்டியலில் கண்ட ஒரு நிறுவனத்துக்கு உணரி ஒன்றின் விலை கேட்டு எழுதினேன். எந்த நாடு, யாருடைய பாவனைக்கு என்ற இரண்டு கேள்விகள் வந்தன. பதில் அனுப்பினேன். அதோடு சரி.

கைத்தொலைபேசியில் இந்தத் தளத்தைப் பார்ப்பது வீண் சிரமம். தேடல் முடிவுகளை அட்டவணையாக இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதால், இரவு நேர டேட்டா தொடங்கிய பிறகு கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாத மாலைகளில் படிக்கிறேன். சுருக்கங்களில் ஒரே சொல்லைப் பலர் பலவிதமாக எழுதுவதால், ஒரு பொருளுக்கு நான்கைந்து ஆங்கிலச் சொற்களையாவது மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். என் குறிப்புப் புத்தகத்தில் மழைமானிக்கு மட்டும் பதினொன்று சேர்ந்திருக்கிறது.