எழும்பிய கரைக்கு வயது பார்க்க எந்த முறை?

கடலுக்கு மேலே படிபோல எழும்பி நிற்கும் கரைமேடைக்கு வயது பார்க்க முக்கியமாக நாலு வழி உண்டு. முருகைக்கல் கெடாமல் கிடைத்தால் என் தெரிவு யுரேனியம்-தோரியம்தான். மற்ற மூன்றும் அது கைகொடுக்காத இடத்துக்கு.

உயிர் போனபின் சிதைந்து குறையும் காபன்-14ஐ அளப்பது எளிது, சிப்பியும் போதும். கொழும்பிலிருந்து காலி போகும் ரயில் பாதையோரம், அக்குரலவில் சுண்ணாம்புக்காகத் தோண்டிய முருகைக்கல் சுமார் 6,000 வருடப் பழசு என்று இதில்தான் தெரிந்தது. கடல்நீரில் பழைய காபன் கலந்திருப்பதால் சுமார் 400 வருடம் கழிக்க வேண்டும், சரி, அது சமாளிக்கக்கூடியது. 50,000 வருடத்துக்கு அப்பால் இது உதவாது. அதைவிட மோசம், 1,25,000 வருட முருகைக்கல்லில் ஒரு சதவீதம் புதுக் காபன் கசிந்திருந்தாலே 37,000 என்று கூசாமல் விடை வரும்.

யுரேனியம் கடல்நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே முருகைக்குள் இருக்கும் தோரியம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்; அது கூடக்கூட வயதும் கூடும். ஏறத்தாழ 5 லட்சம் வருடம் வரை எட்டும். மழைநீர் பட்டு, முருகையின் தாதுவான அரகோனைட் வேறு தாதுவான கால்சைட்டாக மாறியிருந்தால் மட்டும் அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டும்.

வயது பிழைத்தால் என்ன ஆகும்? 30 மீற்றர் உயர மேடை ஒன்று. 1,25,000 வருடம் என்றால், அன்று கடல் இன்றைவிட 6 மீற்றர் உயரம் என்று கொண்டால், நிலம் எழும்பியது 24 மீற்றர், வருடத்துக்கு 0.19 மில்லிமீற்றர். அதே மேடை 1,00,000 வருடம், அன்று கடல் 20 மீற்றர் தாழ்வு என்றால் எழும்பியது 50 மீற்றர். வருடத்துக்கு அரை மில்லிமீற்றர். நிலத்தை உயர்த்தும் பிளவின் வேகம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது!

முருகை இல்லாத மணல் மேடைக்கு ஒளிர்வு முறை. மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அது சொல்லும். மாதிரியை வெளிச்சம் படாமல் குழாய் அடித்து எடுக்க வேண்டும். மண்ணின் ஈரத்தைத் தவறாகக் கணித்தால் வயதும் தவறும். நமது தெற்குக் கரையில், பூந்தலவின் பழைய செம்மணலுக்கு இந்த வகை முறைதான் கைகொடுத்தது. வெறும் பாறை என்றால், அது வெளியே தெரிந்து எவ்வளவு காலம் என்று அறிய, விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிரால் அதில் உண்டாகும் பெரிலியம்-10ஐ அளக்கலாம். மேற்பரப்பு எவ்வளவு தேய்ந்தது என்று ஊகிக்க வேண்டியிருப்பதால் எனக்கு அது கடைசி.

ஆனால் கல் உயர்ந்ததா கடல் இறங்கியதா என்பதை எந்த முறையும் தனியாகச் சொல்லாது. சுமாத்திராவுக்கு அப்பால் நியாஸ் தீவில் 2005 மார்ச் 28 பூகம்பத்தில் முருகைப் பாறை இரண்டு மீற்றருக்கு மேல் எழும்பியது. அது பிளவின் வேலை. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை. இங்கே சுமார் 6,000 வருடம் முன்பு கடல் இன்றைவிடச் சற்று உயர்ந்து பிறகு தாழ்ந்தது. அதனால் நியாஸ் போன்ற இடத்தில் கடலின் பங்கைக் கழிக்க, நம் கரை போன்ற அசையாத கரையில் எடுத்த வயதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.